அவித்த பிஸ்கட்

நடராஜ் பத்திரம் எழுதுகிறவர். அவர் எழுதிய கிரையப் பத்திரத்தில் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்து வழக்குப் போட்டேன் என்று வண்ணார்பேட்டையில் ஒருவரும் சொல்ல முடியாது. ‘வடக்கே’ என்று எழுதுவதா ‘வடபுறம்’ என்று எழுதுவதா என்று அரை நாள் யோசிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் வழக்கத்தோடு மல்லுக்கு நின்றார். பாதி ஜெயித்தார், பாதி தோற்றார். ஜெயித்ததையும் தோற்றதையும் ஒரே சம்படத்தில் போட்டு மூடி, தீபாவளிக்கு முந்தின நாள் நாங்குநேரிக்கு பஸ் ஏறினார்.

அவருடைய ஒரே மகள் சுப்ரஜாவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தளவாய் நாங்குநேரிக்காரன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாண வீட்டில் வாங்கிய பாத்திரங்களை எல்லாம் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றி முடிப்பதற்குள், ஆவணியில், நடராஜின் மனைவி கோமு போய்விட்டாள். காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

ஐப்பசியில் தீபாவளி. சுப்ரஜாவுக்குத் தலைதீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வந்து கொண்டாட வேண்டிய பண்டிகை. ஆனால் சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவந்து கொடுப்பதைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இதெல்லாம் நடராஜுக்குத் தெரியாததில்லை. தனக்கு என்றால் அவர் ஒரு பேச்சும் பேசியிருக்க மாட்டார். கோமு இல்லாத வீட்டில் அவருக்கு என்ன தீபாவளி!

அவரை உறுத்தியது வேறு. நிச்சயதார்த்தத்து அன்றைக்கே கோமு சம்பந்தியம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். “தலைதீவாளிப் பலகாரம் பூராவும் எங்க வீட்டு அடுப்புலதான், என் கையாலதான். கடைப் பலகாரம் குடுக்க கடைக்காரன் இருக்கான், பெத்தவ எதுக்கு?” என்று சபையில் வைத்துச் சொன்னாள். சம்பந்தி தனலட்சுமியும் விடவில்லை. “செய்ங்க மதினி. எங்க தெரு பூராவும் குடுத்து, மருமவ வீட்டுப் பலகாரம்னு சொல்லித்தான் நான் திங்கணும்” என்றாள்.

இப்போது அந்தத் தெரு பூராவும் என்ன பேசும்? பாவம், தாயில்லாப் பெண், பிறந்த வீட்டிலிருந்து ஒரு முறுக்குத் துண்டுகூட வரவில்லை என்று ‘ச்சு’ கொட்டும். அந்தச் ‘ச்சு’ சத்தம் நடராஜின் காதில் இப்போதே கேட்டது. மகளைப் பார்த்து யாரும் அப்படிக் கொட்டக்கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன் போட்டுக் கேட்டார். “ஒண்ணும் வேண்டாம்பா” என்றாள் சுப்ரஜா. “இங்க அத்தை எல்லாம் செய்யுதாவ. நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க, அது போதும்.”

பெண் பிள்ளைகள் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பதை நடராஜ் இத்தனை வருஷமும் கோமுவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். இந்த முறை தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தபோது கஷ்டமாக இருந்தது.

வழி காட்டியது அவர் அலுவலகத்தில் டைப் அடிக்கிற ஃபர்ஹத். தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். “உங்க வீட்டுல இந்த வருசம் ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு உம்மா சொன்னாங்க சார். அதான் நாங்க செஞ்சோம். நெய் பிஸ்கட்.”

நடராஜ் ஒன்றை எடுத்துக் கடித்தார். வாயில் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எண்ணெய்ல சுட்டதாம்மா?”

“இல்ல சார், ஓவன்ல வச்சது. சட்டியே கெடையாது.”

சட்டியே கிடையாது. நடராஜ் அன்றைக்கு அதற்கப்புறம் ஒரு பத்திரமும் எழுதவில்லை. மாவு எவ்வளவு, சீனி எவ்வளவு, நெய் எவ்வளவு என்று ஃபர்ஹத்திடம் கேட்டு ஒரு ஸ்டாம்ப் பேப்பரின் பின்பக்கம் குறித்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா ராஜராஜேஸ்வரி வாழ்க்கைப்பட்ட வீடு அடுத்த தெருவில்தான். கோமு போன நாளிலிருந்து தம்பிக்கு மூன்று வேளையும் சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது. குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் முறை என்ன, வழக்கம் என்ன என்று அவளைக் கேட்டுத்தான் செய்வார்கள். கேட்காமல் செய்தால் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவாள். நடராஜ் போனபோது அவள் ஹாலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, பலகாரம் சுடக்கூடாதுன்னா என்ன அர்த்தம்?”

“சுடக்கூடாதுன்னா சுடக்கூடாது. அதுக்கு என்னலே அர்த்தம்?”

“எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. அதான?”

“அதான்.”

“சட்டியே வைக்காமச் செஞ்சா?”

அக்கா பூண்டைக் கீழே வைத்தாள். “ஏலே நடராசா, சுத்தி வளைக்காத. என்ன செய்யப் போற?”

அவர் சொன்னார். ராஜராஜேஸ்வரி முழுதும் கேட்டுவிட்டு, “நான் என் வீட்டுல எல்லாம் சுட்டுத் தாரேன், கொண்டு போ” என்றாள்.

“நீ சுட்டா அது அத்தை வீட்டுப் பலகாரம். என் வீட்டு அடுப்புல வெந்தாத்தான் அவளுக்குப் பொறந்த வீட்டுப் பலகாரம்.”

அது நியாயம் என்று அவளுக்கும் பட்டது. ஆனால் சும்மா விடுகிற ஆளும் இல்லை. “ஓவன்ல வச்சாலும் அது சுடுததுதாம்லே. ரொட்டி சுடுததுன்னு சொல்லுதோம்லா? பேக்கரிக்காரன் ரொட்டிய அவிக்கவா செய்யுதான்?”

“தோசையும்தான் சுடுதோம். நீ தெனமும் சுட்டுக் குடுத்தனுப்புதல்லா? துக்க வீட்டுக்காரன்தான நான்? திங்கேம்லா?”

“தோசை பலகாரமால? அது சாப்பாடு. பண்டிகைக்குன்னு சுட்டாத்தான் குத்தம்.”

“அப்ப, பண்டிகைக்குன்னு அவிச்சா?”

“அவிச்சா ஒண்ணுமில்ல. கொழுக்கட்டை அவிக்கலாம், இட்லி அவிக்கலாம். யாரு என்ன சொல்லப் போறா?”

நடராஜ் இதற்காகத்தான் காத்திருந்தார். “ஓவனுக்குள்ள நெருப்பு மாவைத் தொடவே தொடாது யக்கா. சுத்திலும் வெறும் சூட்டுக் காத்துதான். இட்லிக் கொப்பரைக்குள்ளயும் அதான நடக்கு? ஒரு வகையில பாத்தா, இதுவும் அவிக்கதுதான்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பது பத்திரம் எழுதுகிறவர்களுக்குத் தொழிலோடு வந்த பழக்கம். ஆனால் அக்காவும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. “அவிக்கணும்னா அடியில தண்ணி கொதிக்கணும்” என்றாள்.

“தண்ணி வச்சா?”

ராஜராஜேஸ்வரி தம்பியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன கண்டாளோ, பூண்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “தண்ணி வச்சா... அவிக்கதுதான்” என்றாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் நடராஜ் வீட்டு அடுக்களையில் வேலை தொடங்கியது. ஓவன் சுப்ரஜா வாங்கிக் கொடுத்தது. வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கி வந்தாள். கோமு அதில் ஒரே ஒரு தடவை கேக் செய்துவிட்டு, அப்புறம் அப்பளக் கட்டும் வத்தல் பாக்கெட்டும் வைக்கிற அலமாரியாக்கிவிட்டாள். பூச்சி அண்டாது, எலி ஏறாது, இதைவிட நல்ல பெட்டி வேறு எங்கே கிடைக்கும் என்பாள். நடராஜ் கதவைத் திறந்து அப்பளக் கட்டுகளை வெளியே எடுத்தார். அவள் கட்டிவைத்த ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“நான் எதையும் தொடமாட்டேன். பாத்துக்கிட்டு மட்டுந்தான் இருப்பேன்” என்று சொல்லித்தான் ராஜராஜேஸ்வரி நெய்ப் பாத்திரத்தோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். நடராஜ் மாவைச் சலித்தார். சீனியைப் பொடித்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, நெய்யை ஊற்றிப் பிசைந்தார். உருட்ட ஆரம்பித்ததும்தான் பிரச்சினை. வாழ்நாள் முழுக்கப் பேனா பிடித்த கைக்கு மாவு அடங்கவில்லை.

“இது என்னலே, ஒண்ணு ஆனைக்கு, ஒண்ணு எறும்புக்கா?” என்று அக்கா எழுந்து வந்துவிட்டாள். “தள்ளு அங்கன. உருட்டுததுல ஒண்ணும் குத்தமில்ல. சுடத்தான் மாட்டேன்.”

“அவிக்க” என்றார் நடராஜ்.

“ஆமா. அவிக்க.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோமு போனதற்கு அப்புறம் அந்த அடுக்களையில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து முடித்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல இருவரும் தலையைக் குனிந்துகொண்டு மாவை உருட்டினார்கள். ராஜராஜேஸ்வரி ஒவ்வொன்றின் தலையிலும் பாதி முந்திரியை வைத்துப் பைய அமுக்கினாள். தட்டில் அடுக்கியபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நடராஜ் தட்டை உள்ளே வைத்தார். அதற்குக் கீழே, அக்காவின் கண்ணெதிரில், ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீரும் வைத்தார். கதவைச் சாத்தினார்.

முதலில் கண்ணாடி வியர்த்தது. அப்புறம் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கதவைத் திறந்தபோது ஆவி பொங்கி வந்து நடராஜின் மூக்குக் கண்ணாடியை மறைத்தது. துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தட்டில் இருந்தது பிஸ்கட்டும் இல்லை, இட்லியும் இல்லை. வெளுத்து, உப்பி, பக்கத்தில் இருந்ததோடு ஒட்டிக்கொண்டு, முந்திரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. விரலால் தொட்டால் குழைந்தது.

ஃபர்ஹத்துக்கு போன் போட்டார்.

“தண்ணியா? ஓவனுக்குள்ளயா? எதுக்கு சார்?”

எதுக்கு என்று அவளிடம் எப்படி விளக்குவது? “சும்மாத்தான்” என்றார்.

“பிஸ்கட்டுக்குத் தண்ணி ஆகவே ஆகாது சார். கிண்ணத்த எடுத்துட்டு இன்னொருக்க வச்சுப் பாருங்க. காஞ்சிரும்.”

கிண்ணத்தை எடுத்தால் அவிப்பது போய்ச் சுடுவது ஆகிவிடும். நடராஜ் அக்காவைப் பார்த்தார். மைதா தீர்ந்துவிட்டது, பொழுதும் ஏறிவிட்டது. அக்கா தட்டில் கிடந்த கோலத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“ஒருக்கா அவிஞ்சாச்சுல்லா?” என்றாள். “இனி வைக்கது சூடு பண்ணுததுதான். நேத்துக் கொழம்ப இன்னைக்குச் சூடு பண்ணுதமாதிரி. அதுல என்ன இருக்கு?”

இவள் மட்டும் பத்திரம் எழுத வந்திருந்தால் தன் பிழைப்பு என்றைக்கோ போயிருக்கும் என்று நடராஜ் நினைத்துக்கொண்டார். கிண்ணத்தை எடுத்தார். சூடு பண்ணினார். வீடு முழுக்க நெய்யும் ஏலக்காயும் மணத்தது. சிவந்து, மொறுமொறுவென்று, பார்த்தால் பிஸ்கட் என்று சொல்லும்படியாக வெளியே வந்தது. ஆறினதும் ராஜராஜேஸ்வரி ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டாள். ‘ணங்’ என்று சத்தம் வந்தது. எடுத்து வாயில் வைத்தாள், ஒரு பக்கம் கடித்தாள், மறு பக்கம் கடித்தாள். மென்று முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

“ருசியாத்தான்லே இருக்கு. திங்கத்தான் பல்லு வேணும்.”

சம்படத்தில் வாழையிலை விரித்து அடுக்கினார்கள். மூடி திறந்துகொள்ளாமல் இருக்க, பத்திரக் கட்டுக் கட்டுகிற நூலால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி நடராஜ் முடிச்சுப் போட்டார். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் கை பிசகாமல் செய்தது.

வண்ணார்பேட்டையிலிருந்து புதிய பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஊரே தெருவில் நின்றது. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி நாங்குநேரி என்றார். “ஊருக்குள்ள போவாது அண்ணாச்சி. பைபாஸ்ல எறங்கிக்கிடணும்” என்றார் கண்டக்டர். சரி என்று உட்கார்ந்து சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே கூழாங்கல் போட்டமாதிரி கடகடவென்று சத்தம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மூன்றடைப்பு ஊரைத் தாண்டும்போது நடராஜுக்கு மனசு தளர்ந்தது. அடுக்களையில் அக்காவோடு பேசும்போது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. வெயிலில், பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நியாயமாகப் படவில்லை. தனலட்சுமி நறுக்கென்று கேட்கிற பெண். கல்யாணப் பேச்சின்போதே அவள் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் கோமுதான் பதில் சொன்னாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினார். துக்க வீட்டுக்காரன் பலகாரம் கொண்டு வரலாமா என்று அவள் கேட்டால்? வாங்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, இவர் போனதும் எடுத்து வெளியே போட்டால்? போடட்டும். ஆனால் அதைச் சுப்ரஜா பார்க்கும்படி ஆகிவிட்டால்? ‘ச்சு’ கொட்டக்கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தார்? தானே கொண்டுபோய்க் கொட்ட வைக்கப் போகிறோமோ என்று பயமாக இருந்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் நாங்குநேரி வந்துவிட்டது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. வாசலிலேயே எண்ணெய் வாசம் தூக்கியது. உள்ளே முறுக்கு வெந்துகொண்டிருந்தது. குரல் கேட்டு மாவுக் கையோடு வெளியே வந்த சுப்ரஜா, அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“யப்பா? என்னப்பா, சொல்லாமக் கொள்ளாம?”

“சும்மாத்தாம்மா” என்றார் நடராஜ். மகள் கொஞ்சம் மெலிந்திருந்தாள். சம்படத்தை அவள் கையில் கொடுப்பதா, மாமியார் கையில் கொடுப்பதா என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

தனலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “வாங்க அண்ணாச்சி, வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கியளே. ஏட்டி சுப்ரஜா, அப்பாவுக்கு மோர் கொண்டா. என்னது கையில?”

கேட்டேவிட்டாள். நடராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த வாசகம் எல்லாம் மறந்துபோயிற்று. “தங்கச்சி, சட்டி வைக்கல” என்று ஆரம்பித்தார். “எண்ணெய் தொடல. வழக்கத்துக்கு விரோதமா ஒண்ணும் செய்யல. கோமு உங்ககிட்ட ஒரு சொல்லு சொல்லியிருந்தா...”

பிறகு நிறுத்த முடியவில்லை. ஓவனைச் சொன்னார், அக்காவைச் சொன்னார், தண்ணீர்க் கிண்ணத்தைச் சொன்னார், சூடு பண்ணியதைச் சொன்னார். வாழ்நாளில் ஒரு தடவைகூட இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. சுப்ரஜா மோர்த் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்த தளவாய், “என்ன மாமா கொண்டு வந்திருக்கிய?” என்று நூலை அவிழ்த்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தான். கடிபட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

தனலட்சுமி மகனைப் பார்த்தாள், சம்படத்தைப் பார்த்தாள். “அப்ப இது சுட்டதா, அவிச்சதா அண்ணாச்சி?”

“அவிச்சு, சூடு பண்ணினது” என்றார் நடராஜ்.

தனலட்சுமி சிரிக்க ஆரம்பித்தாள். பெரிய உடம்பு, குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. அப்போதுதான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று நடராஜுக்குப் புரிந்தது.

அவள் சம்படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பிறகு ஒரு பெரிய தட்டை எடுத்து வந்து மருமகளிடம் நீட்டினாள். “தெருவுல வீட்டுக்கு ரெண்டு ரெண்டாக் குடுத்துட்டு வா. தலைதீவாளிப் பலகாரம் வந்துட்டுன்னு சொல்லு.”

நடராஜ் பதறி எழுந்தார். “வேண்டாம் தங்கச்சி! கல்லு கணக்கா இருக்கு. தெருவுல சிரிப்பாவ.”

“சிரிக்கட்டும். தீவாளிக்குச் சிரிக்காம பெறவு எப்பச் சிரிக்க? பாலுல நனைச்சுத் திங்கச் சொல்லு ஏட்டி.”

சுப்ரஜா தட்டோடு இறங்கினாள். நடராஜ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் யாரோ என்ன பலகாரம் என்று கேட்டார்கள். மகள் குரல் தெருவுக்கே கேட்டது. “பிஸ்கட் அத்தை. எங்கப்பா செஞ்சது.” அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். எங்கும் ஒரு ‘ச்சு’ கேட்கவில்லை. வந்த காரியம் முடிந்தது என்று நடராஜ் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

“எங்க கெளம்புதிய?” என்றாள் தனலட்சுமி.

“சாயங்கால பஸ்ஸப் புடிச்சிருதேன்.”

“தலைதீவாளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வரமுடியலன்னா, மாமனாருதான் வந்து இருக்கணும். அதான் முறை.”

அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் கிடையாது. நடராஜுக்கும் அது தெரியும். ஆனால் அக்கா ஏற்கெனவே இரண்டு புது முறைகளை உண்டாக்கியிருந்தாள். இவள் பங்குக்கு ஒன்று உண்டாக்குகிறாள், அதை எந்த முகத்தோடு ஆட்சேபிப்பது? இருந்துவிட்டார்.

விடியுமுன்னே தளவாய் வந்து எழுப்பினான். தெருவில் ஏற்கெனவே வெடிச்சத்தம். கூடத்தில் மணை போட்டு, கோலமிட்டு, சுப்ரஜா உட்கார்ந்திருந்தாள். தனலட்சுமி ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் நல்லெண்ணெயை எடுத்து வந்து, தானே வைக்காமல், நடராஜிடம் நீட்டினாள்.

நடராஜ் பின்வாங்கினார். “நானா? நான் துக்க வீட்டுக்காரன், தங்கச்சி. என் வீட்டுல எண்ணெயே...”

“எண்ணெய அடுப்புல வைக்கத்தான் கூடாது. மவ தலையில வைக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்?” என்றாள் தனலட்சுமி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இது அவ அம்மா வைக்க வேண்டியது அண்ணாச்சி. நான் வச்சா மாமியா வச்சதாத்தான் இருக்கும். நீங்க வைங்க.”

நடராஜ் கிண்ணத்தை வாங்கினார். சுப்ரஜா பின்னலை அவிழ்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அந்தத் தலையில் அவர் எண்ணெய் வைத்ததில்லை. அதெல்லாம் கோமுவின் வேலை. இவர் அந்த நேரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளங்கையில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தெரியாமல் நிறைய ஊற்றிவிட்டார். உச்சியில் வைத்து அழுத்தினார். எண்ணெய் வழிந்து நெற்றியில் இறங்கி, புருவத்தைத் தாண்டி, கன்னத்தில் ஓடியது.

“ஐயோ, கூடிப்போச்சாம்மா?” என்று கையால் தடுத்தார்.

“இருக்கட்டும்பா.” சுப்ரஜா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். “அம்மாவும் இப்படித்தான். அளவே தெரியாது அவளுக்கு.”

நடராஜ் அழுதார். கோமு போன அன்றைக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது, பால் வாங்கி வரச் சொன்னது, ஐயரைக் கூப்பிட்டது என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டார். இப்போது, வெடிச்சத்தத்துக்கு நடுவில், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, வெட்கமில்லாமல் விம்மி விம்மி அழுதார். இரண்டு கையிலும் எண்ணெய் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. மகள்தான் எழுந்து, சேலை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் வழிந்தது எது எண்ணெய், எது கண்ணீர் என்று அவர் பார்க்கவில்லை.

அவர் அழுது முடிக்கட்டும் என்று தனலட்சுமி நின்றாள். பிறகு மகனைப் பார்த்து, “அடுத்து நீ உக்காருலே” என்றாள்.

தளவாய் வந்து மணையில் உட்கார்ந்து, மாமனாருக்கு எட்டும்படி தலையைக் குனிந்துகொடுத்தான்.